கெளுத்தி வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் மீன்களுக்கும் பேச்சு இருந்தது. மற்ற மீன்கள் அளவோடு பேசின. கடல் கெளுத்தி மட்டும் ஓயாமல் பேசினான்.

ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஒரு கரும்பாறை. தூண்டில் போட யார் வேண்டுமானாலும் அங்கே வரலாம். கை தேர்ந்தவர்களும் வருவார்கள், முள்ளில் இரை கோக்கத் தெரியாதவர்களும் வருவார்கள். தெரியாதவர்களுக்குக் கெளுத்திதான் வாத்தியார். தண்ணீர் ஏறும்போது எங்கே வீச வேண்டும், வற்றும்போது எங்கே வீச வேண்டும் என்று தலையை நீட்டிச் சொல்லிக் கொடுப்பான். அவர்கள் பிடித்துப் போவது தன் இனத்தை என்பது அவனுக்கு உறைக்கவே இல்லை. யாராவது அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டால் போதும், உச்சி குளிர்ந்துவிடும்.

அவனுக்குக் குஞ்சுகள் இருந்தன. தாய் முட்டையிட்ட கையோடு ஆழ்கடலுக்குப் போய்விட்டாள். குஞ்சுகளைப் பாறையடிக் குழியில் விட்டுவிட்டு இவன் பாடம் நடத்தப் போய்விடுவான். பக்கத்துக் குழியில் தன் குஞ்சுகளோடு இருந்த மடவை மீன்தான் அவற்றையும் பார்த்துக்கொண்டாள்.

"ஊருக்கு வாத்தியாரா இருந்தது போதும். ஒம்ம புள்ளையள நீரு பாரும்," என்று ஒருநாள் அவள் சொல்லியே விட்டாள். பொறாமையில் பேசுகிறாள் என்று கெளுத்தி நினைத்துக்கொண்டான்.

அப்போது கொம்பையா என்று ஒருத்தன் புதிதாக வந்தான். சின்ன மீன் அவனுக்கு வேண்டாம், குஞ்சு குறுமீனை விழுங்கும் பெரிய கொடுவா மீன்தான் வேண்டும். இறாலுக்கும் புழுவுக்கும் கொடுவா மசியவில்லை. மற்ற தூண்டில்காரர்கள் கேலி செய்தார்கள். கடைசியில் அவன் கெளுத்தியிடம் வந்தான்.

"அண்ணாச்சி, ஒங்களுக்குத் தெரியாதது இந்தத் தண்ணியில ஒண்ணும் கெடையாது. கொடுவாவுக்கு என்ன இரை போடணும்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைதான் அவன் வாயில் வராதே.

"உசுரோட குஞ்சு மீனு. முதுகுல முள்ளக் குத்தி நீந்த விடணும். கொடுவா எங்க இருந்தாலும் வந்துரும்," என்றான்.

மடவையின் குஞ்சுகளை நினைத்துத்தான் சொன்னான். கதை சொல்கிற நான் அதை மறைத்தால் கெளுத்திக்கு இல்லாத நல்ல பேரை வாங்கிக் கொடுத்ததாகிவிடும்.

மறுநாள் தண்ணீர் வற்றியதும் கொம்பையா துண்டோடு பாறையடியில் இறங்கினான். கெளுத்தி மறுபக்கத்தில் வேறொருவனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். மடவை தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். கெளுத்தியின் குஞ்சுகளையும் கூப்பிட்டாள். அவை போகவில்லை. கரையில் நிற்பவர்கள் எல்லாம் நம்ம ஆட்கள் என்று அப்பா சொல்லி வைத்திருந்தான். விரித்த துண்டுக்குள் தாமாகவே நீந்திப் போயின.

கெளுத்தி திரும்பி வந்தபோது குழி காலியாக இருந்தது. பாறைமேல் பெரிய கொடுவா கிடந்தது.

"அது எம்புள்ளையள்லா," என்றான்.

"எந்தக் குஞ்சுன்னு நீங்க சொல்லலியே அண்ணாச்சி," என்றான் கொம்பையா. அவன் குரலில் வருத்தம்கூட இல்லை, நன்றிதான் இருந்தது.

பாறை இடுக்கில் ஒரே ஒரு குஞ்சு மிஞ்சியிருந்தது. கெளுத்தி அதை வாய்க்குள் எடுத்து வைத்து வாயை மூடினான்.

அன்று முதல்தான் ஆண் கெளுத்தி முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயிலேயே சுமக்கிறது. அவை தனியாக நீந்தும்வரை பட்டினி கிடக்கிறது. அகப்பட்டுக் கரைக்கு வந்தால் மட்டும் கர்கர் என்று ஏதோ சொல்லப் பார்க்கிறது. யாரும் காது கொடுப்பதில்லை. கொடுவாவுக்கு என்ன இரை போட வேண்டும் என்பதுதான் இப்போது எல்லோருக்கும் தெரியுமே.