மொத்தமா வேண்டாம் சாமி

சாமியார் கதைன்னதும் ஒரு வெள்ளைத் தாடியை ரெடியா வச்சிருப்பீங்க. அதை இறக்கி வைங்க. பரஞ்சோதி சாமிக்குத் தாடியே ஒழுங்கா மொளைக்கல. அவர்கிட்ட உபதேசம் வாங்கின சிஷ்யை சந்தனமாரிக்கு அவரைவிடப் பதினஞ்சு வயசு கூட.

இது ஜீவனாம்சக் கதைன்னா, புருசன் குடுக்காம ஏமாத்திட்டான்னு அடுத்து ரெடியாவீங்க. அதுவும் இல்ல. விவாகரத்தாகி ஒன்பது வருசம், கருத்தப்பாண்டி ஒரு மாசம் தவறல. கோர்ட்டுக்கு நேர்ல வருவான். அவ கையில குடுப்பான். கையெழுத்து வாங்கிட்டுப் போயிருவான்.

இப்ப, மொத்தமா ஒரே தொகையாக் குடுத்து முடிச்சுக்கிடுதேன்னு மனுப் போட்டிருக்கான். நாளைக்கு அவ பதில் சொல்லணும். அதான் மடத்துக்கு வந்திருந்தா.

சாமி கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தார். அவளும் ஒரு கீரைக்கட்டை எடுத்துக்கிட்டு உக்காந்தா. கூட்டிட்டு வந்த ஆட்டோக்கார இசக்கி, தூண்ல சாஞ்சு தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தான்.

"வேண்டாம்னு சொல்லப் போறேன் சாமி. சரிதானே?"

"ஏம்மா வேண்டாம்?"

"மொத்தமா வந்தா செலவழிஞ்சிரும்."

"பேங்க்ல போடலாமே."

"சொந்தக்காரங்க கடன் கேப்பாங்க."

"இல்லைன்னு சொல்லுங்க. உங்களுக்கு வராத வார்த்தையா?"

அவளுக்குச் சிரிப்பு வரல.

"அவன் லேசாத் தப்பிச்சிரக் கூடாது சாமி. மாசாமாசம் குடுக்கட்டும். வலிக்கட்டும்."

"வயலை வித்துக் குடுக்கான்னு நீங்கதானே சொன்னீங்க. அது வலிக்காதா?"

சந்தனமாரி ஆய்ஞ்ச கீரையையே எடுத்து மறுபடியும் ஆய்ஞ்சா.

இசக்கி செம்பைக் கீழ வச்சான்.

"நீங்க வேற, சாமி. கோர்ட்டு பத்தரைக்கு. அக்கா எட்டு மணிக்கே போகணும்பாங்க. வாங்குன ரூவாயைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. அந்தாளு போன பொறவும் வண்டியை எடுக்க விடமாட்டாங்க. அவரு பஸ் ஏறுற வரைக்கும் பாத்துட்டு, என்கிட்ட கேப்பாங்க, 'ஆளு எளைச்சுட்டாருல்லா தம்பி?'ன்னு."

அவ கை அப்படியே நின்னுது. தலை நிமிரல.

சாமி கீரையைத் தள்ளி வச்சார். அப்புறம் இசக்கியைப் பாத்துக் கேட்டார்.

"நாளைக்கு உன் ஆட்டோல எனக்கும் ஒரு எடம் இருக்குமா? அந்த ஆளை நானும் பாக்கணும்."