அரியணை ஏறிய பூசணிக்காய்கள்

முன்னொரு காலத்தில், ராஜா தும்மினால் நாடே மூக்கைத் துடைத்துக்கொண்ட ஒரு தேசத்தில், வீரகேது என்றொரு ராஜா இருந்தார். தங்கமான மனுஷர்தான். திடீர் திடீரென்று ஆசை கிளம்பும், அவ்வளவுதான். ஒருநாள், "என் அரண்மனையின் மதிப்பு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டார்.

பொக்கிஷ அதிகாரி திருமேனிநாதர் சபை நடுவே பெரிய தராசைத் தொங்கவிட்டார். குத்துவிளக்கு, வாள், வெள்ளிக் கும்பா எல்லாம் ஏறி இறங்கின. எடை எவ்வளவோ மதிப்பும் அவ்வளவே என்று ராஜாவின் ஆணையாக முரசறைந்தாயிற்று. பிறகு அவர் பார்வை அரண்மனை விகடன் கூத்தையன்மேல் விழுந்தது. அவன் பேச்சுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் அதிகாரிக்கு வயிறு எரியும்.

"மகாராஜா, இவனிடம் இருப்பது புத்தி ஒன்றுதானாம். அதையும் நிறுத்துவிடலாமே. எடை இல்லாவிட்டால் தண்டச்சோறு எதற்கு? நாட்டைவிட்டு அனுப்பிவிடலாம்."

முரசறைந்த வாக்காயிற்றே! "நாளைக்கு நிறுத்துக் காட்டு, கூத்தையா" என்றார் ராஜா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

கூத்தையன் யோசித்தபடி வெளியே நடந்தான். சோறு எங்கேயும் கிடைக்கும். இந்த மனுஷரை விட்டுவிட்டு எங்கே போவது? அவருக்காக அவன் உயிரையே கொடுப்பான்.

மறுநாள் கூத்தையன் ஒரு வண்டிப் பூசணிக்காயோடு வந்தான். "முதலில் தராசைச் சோதிக்க வேண்டும், மகாராஜா. பிறந்தநாள் துலாபாரத்துக்கு அமர்வதுபோல் தாங்கள் சற்று அமர வேண்டும்."

ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தட்டில் அமர்ந்தார். எதிர்த்தட்டில் பூசணிகள் ஏற ஏற, முள் நடுவில் நின்றது.

"எடை சமம்!" என்று திருமேனிநாதரே கூவினார்.

உடனே கூத்தையன் அந்தப் பூசணிகளைச் சிம்மாசனத்தில் அடுக்கி, மேல் காய்க்குக் கிரீடம் சூட்டி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"என்னடா கூத்து இது?" என்று ராஜா கத்தினார்.

"எடை சமம் என்றால் மதிப்பும் சமம், மகாராஜா. தாங்கள் போட்ட சட்டம்தான். இந்தப் புது மகாராஜாவோ கோபிக்கவும் மாட்டார்."

"மடையா! பூசணிக்காய்க்கு ராஜ்ஜியம் ஆளத் தெரியுமா?" என்று சீறினார் திருமேனிநாதர்.

"ஆளத் தெரிந்த மகாராஜாவின் அறிவைத் தனியாக நிறுத்துச் சொல்லுங்கள் ஐயா. அது எத்தனை பலம் எடை? சொன்னால் இவரை இறக்கிவிடுகிறேன்."

திருமேனிநாதர் தராசையும் ராஜாவையும் மாறி மாறிப் பார்த்தார். ராஜாவுக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தட்டு ஆட ஆட, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தோள்வளையைக் கழற்றிக் கூத்தையனுக்குப் போட்டுவிட்டார்.

"நீ போய்விடுவாயோ என்று நேற்று எனக்குச் சோறு இறங்கவில்லையடா" என்றார்.

திருமேனிநாதர் மெல்லக் கேட்டார். "அப்படியானால் இவன் மதிப்பு எவ்வளவென்று கணக்கில் எழுதட்டும், மகாராஜா?"

"அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் சிம்மாசனத்திலிருந்து அவரை இறக்கும் ஐயா, நான் உட்கார வேண்டும்!"