வாசலை அடைக்காத நண்டு

கழிமுகத்துச் சேற்றில் செங்காலி என்ற நண்டு தன் குஞ்சுகளோடு வளையில் குடியிருந்தது. கடல் ஏறுமுன் சேற்றை உருட்டி வாசலை அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீரோடு கெளுத்தி மீன் நுழைந்து குஞ்சுகளை விழுங்கிவிடும். அங்கே எல்லா நண்டும் செய்கிற வேலைதான்.

அன்று பள்ளிக்கூடக் கூரையில் வசிக்கும் மைனா வந்து, "உன் வாசல் எவ்வளவு டைடி!" என்று சொல்லித் தொலைத்தது. போதாதா! வாசலை அடைக்க உருட்டிய சேற்றையெல்லாம் செங்காலி வரிசை கட்டி அடுக்க ஆரம்பித்தது. ஒரு உருண்டை கோணலாகத் தெரிந்தது. நகர்த்தியது. அடுத்தது கோணிக்கொண்டது.

தூரத்தில் தண்ணீர் சலசலத்தது. அப்படியும் செங்காலியின் கை நிற்கவில்லை.

பக்கத்து வளை உளுவை மீன் சேற்றில் துள்ளி வந்தது. "அக்கா, தண்ணி ஏறுது! சீக்கிரம் அடைங்க!"

"இந்த வரிசை முடியட்டும். போட்டது போட்டபடி கிடக்க இது என்ன உன் வீடா?"

"என் வீடு குப்பைதான். என் பிள்ளைங்க பத்திரமா உள்ளே இருக்கு!" உளுவை மறைந்துவிட்டது.

மைனா கரையோர மரக்கிளையிலிருந்து கத்தியது. "அடியே! நான் சொன்ன 'டைடி', கடலேற்றத்தைச் சொல்கிற 'டைட்' என்பதிலிருந்து வந்தது. பழைய இங்கிலீஷில் அதற்கு நேரம் என்று அர்த்தம்! டைடி என்றால் முதலில் 'வேளையோடு' என்றுதான் பொருள். சுத்தமெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது!"

"இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?"

"பாராட்ட வந்தேன். பாடம் நடத்தவா வந்தேன்?"

அதற்குள் காலடியில் தண்ணீர். கலங்கலில் கெளுத்தியின் மீசை தெரிந்தது. வளைக்குள்ளிருந்து, "அம்மா! நனையுது!" என்று அலறல்.

செங்காலி வரிசையைக் கலைத்தது. உருண்டைகளை வாரிக்கொண்டு உள்ளே பாய்ந்தது. கண்டபடி திணித்தது. கடைசி இடுக்கில் கெளுத்தி அதன் இடுக்கிக் கையைக் கவ்விக்கொண்டது. இழுத்தது. செங்காலி கையை முறித்து அதன் வாயிலேயே விட்டுவிட்டு, உடம்பால் சேற்றை அழுத்தி அடைத்தது.

இருட்டில் குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. எல்லாம் இருந்தன. தடவத்தான் ஒரு கை குறைந்திருந்தது.

வேளையில் முடியாத வேலை, எத்தனை அழகாக இருந்தாலும் அரைகுறை வேலைதான்.