உச்சிவேளைப் பந்தி

“சாப்பிடற மனுஷனை எழுப்பறவன்...” என்று சொக்கேசரின் மாமனார் ஆரம்பிப்பார். எழுப்பறவன் என்ன ஆவான் என்பதுதான் சொக்கேசருக்குத் தெரியாது. மாமனார் அந்த இடத்துக்கு வருவதற்குள் அரண்மனையிலிருந்து ஆள் வந்துவிடும்.

வேங்கையூர் ராஜா நெடுமுடியாருக்குச் சந்தேகம் முளைப்பதே உச்சிவேளையில்தான். இந்தத் தலைப்பாகை முகத்துக்கு எடுக்கிறதா, கிளி ஏன் உம்மென்று இருக்கிறது, எல்லாவற்றுக்கும் சொக்கேசர்தான் வர வேண்டும். சேவகன் தெருவில் நின்று குரல் கொடுப்பான். சபையே மெச்சும் சாதுரியக்காரர் பாதி இலையில் கையை உதறிக்கொண்டு ஓடுவார்.

அன்று காலை, குழம்புக்கு அரைத்துக்கொண்டே அவர் மனைவி வடிவு சொன்னாள். “இன்னிக்கும் பாதியில எழுந்தீங்கன்னா, நாளையிலேருந்து என் சமையல் எங்க அண்ணன் வீட்டுலதான்.”

வடிவு சொன்னால் செய்கிறவள். “பெரிய அண்டாவை ஏத்து” என்றார் சொக்கேசர்.

வேங்கையூரில் பந்திக்கென்று ஒரு முறை உண்டு. சாப்பாட்டு வேளையில் வீட்டுக்குள் வந்தவருக்கு இலை போட்டாக வேண்டும். வரிசையில் கடைசி ஆள் முடிக்காமல் ஒருவரும் எழக்கூடாது. தேர் விருந்தில் பல்லில்லாத பூசாரி ஒருவர் மென்று முடிக்கட்டும் என்று ராஜாவே காய்ந்த கையோடு காத்திருந்தார். தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு ஏது வரிசை? அதனால்தான் சொக்கேசர் இத்தனை நாள் ஓடினார்.

உச்சியில் வழக்கமான குரல் கேட்டது. சொக்கேசர் உட்கார்ந்தபடியே சேவகனை உள்ளே கூப்பிட்டார். வடிவு அவனுக்கும் இலை போட்டாள்.

போனவனைக் காணோமே என்று ராஜா தளபதியை அனுப்பினார். தளபதி மீசையை முறுக்கிக்கொண்டு நுழைந்தார். சுண்டைக்காய் வற்றல் குழம்பின் வாசனை எதிரே வந்தது. கத்தி மூலையில் சாய்ந்தது. அவர் முடிக்கும் சமயத்தில் மந்திரி வந்தார். வடிவு பருப்பிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். மூத்த அதிகாரிகளுக்கு நடுவே சேவகன் மோரைக் குடித்துவிட்டு, விரல்கள் காய, எழ முடியாமல் நெளிந்தான்.

கடைசியில் ராஜாவே வந்தார். மந்திரியைப் பல்லக்கில் தூக்கி வந்த ஆட்களும் இங்கே பந்தியில் இருந்ததால் நடந்தே வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் கோபம்.

“என்ன நடக்குது இங்கே?”

“சாப்பாடு, மகாராஜா” என்றார் சொக்கேசர். ராஜாவுக்கும் இலை விழுந்தது.

முதல் கவளம் உள்ளே போனதும் கோபம் பாதி போயிற்று. இரண்டாவது கை குழம்பு விட்டுப் பிசைகிறபோது வாசலில் ஒரு பெண் குரல். மகாராணிக்கு வளையலில் எது பொருத்தம் என்று தெரிய வேண்டுமாம், மகாராஜா உடனே வர வேண்டுமாம்.

“சோத்துல கை வச்சவனை இப்படியா கூப்பிடறது?” என்றார் ராஜா.

பந்தி முழுவதும் குனிந்து இலையைப் பார்த்தது. சேவகன் மட்டும் சொக்கேசரைப் பார்த்தான்.

ராஜாவுக்குச் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. வடிவு தண்ணீர் நீட்டினாள். மூச்சு திரும்பியதும் ராஜா சொன்னார், “புரிஞ்சுதய்யா. இனிமே உச்சியில உம்மைக் கூப்பிட மாட்டேன். நானே தினம் இங்கே வந்துடறேன். இந்தக் குழம்புக்கு என்ன வேணும், கேளும்.”

வடிவின் கரண்டி அப்படியே நின்றது.

“கதவுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள், மகாராஜா” என்றார் சொக்கேசர். “உள்பக்கம்.”

அன்று மாலையே அரண்மனைத் தச்சன் வந்து தாழ்ப்பாள் அடித்துவிட்டுப் போனான். மறுநாள் உச்சிவேளையில், இலை போடும் முன் சொக்கேசர் போய்க் கதவைத் தாழிட்டார்.