பளிங்கின் வயிற்றில் ஒரு சொட்டு

அந்தக் காலத்தில் கல்லுக்கும் வாய் இருந்தது. பேசுவதற்கு மட்டுமல்ல, தண்ணீர் குடிப்பதற்கும். ஊசிக்கரடு என்ற மொட்டைக் குன்றில் கற்களும் பறவைகளும் ஒரே ஊற்றில்தான் தாகம் தீர்த்துக்கொண்டன. கண்ணாடியாய்த் தெளிந்த பளிங்குக் கல் அப்போது கூர்முனையோடு இருக்கவில்லை. வாய் திறந்த சின்னக் கலயம்போல உருண்டையாக இருந்தது. வயிற்றுக்குள் என்ன கிடந்தாலும் வெளியே தெரியும். அதை அது ஒரு குறையாக நினைத்ததே இல்லை.

ஒரு வருடம் மழை பொய்த்தது. ஊற்று சுருங்கிப்போனது. ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு வாய், அதற்கு மேல் கிடையாது என்று குன்றின் உச்சியில் இருந்த பெரும்பாறை கட்டளை போட்டது. நாட்டாமை அதுதான். அதற்குத் தாகமே எடுக்காது, பனியே போதும். அதனால் கட்டளை போடுவது சுலபமாக இருந்தது.

அப்போது ஒரு கௌதாரி அடைகாத்துக்கொண்டிருந்தது. அது பளிங்கிடம் வந்து, நாளைக்குக் குஞ்சு பொரிந்துவிடும், பொரிந்ததும் அதன் தொண்டையை நனைக்க வேண்டும், என் பங்கை நான் இன்று குடிக்கவில்லை, நீ வாங்கி வைத்திரு என்று கேட்டுக்கொண்டது. பளிங்கும் சரியென்று வாங்கி வைத்தது. அதன் வயிற்றில் கிடந்தது அந்த ஒரு வாய்த் தண்ணீர்தான்.

மறுநாள் காலையில் ஊற்று வறண்டு கிடந்தது.

குடித்தது யார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அடக்கி வைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. காக்காப்பொன் என்ற அப்பிரகக் கல்லும் சந்திரகாந்தக் கல்லும்தான் முந்திக்கொண்டு உருண்டு போய், அடிமண் தெரியக் குடித்திருந்தன. காக்காப்பொன்னுக்கு உடம்பெல்லாம் தகடு தகடாய்ப் பளபளக்கும் உடுப்பு. சந்திரகாந்தத்துக்குப் பால் கலங்கியது போன்ற மேனி. உள்ளே ஒரு குளமே இருந்தாலும் வெளியே தெரியாது.

பஞ்சாயத்துக்கு எல்லாரும் கிளம்பும்போது காக்காப்பொன் பளிங்கின் பக்கத்தில் ஒதுங்கியது.

"உன்ற வயித்துல தண்ணி தெரியுது பாரு. என்ற உடுப்புல ஒரு தகடு தர்றேன், போத்திக்க" என்றது. பாசத்தில் சொன்னதல்ல. எல்லாரும் போர்த்திக்கொண்டு வந்தால் யாரையும் விசாரிக்க முடியாதே.

"வேண்டாங்ண்ணா. மூடிட்டா, அதோட தண்ணி பத்திரமா இருக்குதுன்னு கௌதாரிக்கு எப்படித் தெரியும்?" என்றது பளிங்கு.

பஞ்சாயத்தில், எல்லாரும் வயிற்றைக் காட்டுங்கள் என்றது பெரும்பாறை. நாலு பேர் நடுவே உடுப்பைக் களையச் சொல்கிறீர்களே, மானம் போகாதா என்று காக்காப்பொன் கண்ணைக் கசக்கியது. மானஸ்தன், விட்டுவிடுங்கள் என்றது பாறை. சந்திரகாந்தமோ தன் வயிற்றில் இருப்பது வெறும் மேகம் என்றது. பாறை அதையும் நம்பியது. பளிங்கைக் காட்டச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வெயிலில் அந்தத் தண்ணீர் எல்லார் கண்ணிலும் பட்டது. திருடன் அகப்பட்டான் என்று கூட்டம் கத்தியது. ஊற்று முழுவதும் எங்கே, இந்த ஒரு வாய் எங்கே என்று கேட்க அங்கே ஒரு நாதி இல்லை.

முட்டையை விட்டுவிட்டுக் கௌதாரி ஓடி வந்தது. அது என் பங்கு, நான்தான் கொடுத்து வைத்தேன் என்று முறையிட்டது. உனக்கு லாபம் இருப்பதால் உன் சாட்சி செல்லாது என்று பாறை தள்ளிவிட்டது.

"ஏனுங்க, வயித்த மூடி வெச்சவன் யோக்கியன், தொறந்து வெச்சவன் திருடனுங்களா?" என்று கேட்டது கௌதாரி.

போய் உன் முட்டையைப் பார் என்றது பாறை. பதில் இல்லாத நாட்டாமை பேசும் பேச்சு எந்தக் காலத்திலும் அதுதான்.

பளிங்கின் வாயை அடைத்துப் புதைக்க வேண்டும் என்ற தீர்ப்பு நிறைவேறியது. பளிங்கைச் சுற்றி ஆறு பக்கமும் சுவர் எழுப்பினார்கள். உச்சியைக் கூராக இழுத்து வாயை அடைத்தார்கள். பாதி உடம்பைச் செம்மண்ணில் புதைத்துவிட்டுப் போனார்கள்.

மதியத்துக்குள் குஞ்சு பொரிந்தது. கௌதாரி அதைப் பளிங்கிடம் நடத்திக்கொண்டு வந்தது. தண்ணீர் கண்ணுக்குத் தெரிந்தது. குஞ்சு கொத்தியது. அலகு தொட்ட பக்கமெல்லாம் உள்ளே அந்தச் சொட்டு ஓடி ஓடி வந்தது. வெளியேதான் வர முடியவில்லை. பொழுது சாயும் முன்னே குஞ்சின் தலை தொங்கிவிட்டது.

நிலா ஏறியபோது சந்திரகாந்தத்துக்கு வியர்த்துக் கொட்டியது. வியர்வையா அது? குடித்த ஊற்று. பெரும்பாறை அதைப் பார்த்தது. பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

இன்றும் மழை விட்டதும் கரட்டு ஓரச் செம்மண்ணில் பளிங்கு பொறுக்கப் போகிறவர்கள் பக்கத்திலேயே காக்காப்பொன்னையும் பார்ப்பார்கள். உரித்துப் பாருங்கள். ஒரு தகட்டுக்கு அடியில் இன்னொரு தகடு, அதற்கு அடியில் இன்னொன்று. வயிறு மட்டும் கடைசிவரை வராது. கௌதாரியோ இன்னும் அந்த மண்ணைக் கிளறிக்கொண்டுதான் இருக்கிறது. ஆறு பட்டையும் கூர்முனையுமாக அகப்படும் பளிங்கில் எப்போதாவது ஒன்றை வெயிலில் சாய்த்தால், உள்ளே ஒரு சொட்டு நகரும். பளிங்கு அதைக் குடிக்கவில்லை. அன்று வாய் அடைபட்டது முதல் இன்றுவரை, கொடுத்து வைத்த கௌதாரிக்காக அப்படியே வைத்திருக்கிறது.