முள்ளெல்லாம் மூட்டையான கதை

மலையடிவாரக் காட்டில் ஒரு குட்டை இருந்தது. குட்டைக் கரையில் சிலம்பன் என்கிற முள்ளம்பன்றி பெண்டாட்டி பிள்ளைகளோடு வளை தோண்டிக் குடியிருந்தது. அதன் முதுகு முழுக்க நீள நீளமாய் முள். கோபம் வந்தால் அத்தனை முள்ளும் நிமிர்ந்து நிற்கும். வாலை ஆட்டினால் சலசலவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் நரிகூட வழியை மாற்றிக்கொண்டு போய்விடும்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. பங்குனி வெயிலில் குட்டை வற்றி, நடுவில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர்தான் மிஞ்சியது. சித்திரையில் அதுவும் இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? காலையில் எழுந்து குட்டையைப் பார்ப்பதும் பெருமூச்சு விடுவதுமாக நாள் போனது.

அப்போது ஒரு நாரை வந்து இறங்கியது.

"மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஏரி ஒண்ணு இருக்கு. கரை தளும்பத் தளும்பத் தண்ணி!" என்றது.

"நல்லாயிருப்பே! அங்க போக வழி எப்படி?" என்று ஆமை கேட்டது.

"எனக்கு எதுக்கு வழி? நான் பறந்துல்ல வந்தேன்!" என்று சொல்லிவிட்டு நாரை கிளம்பிவிட்டது.

இதென்னடா வம்பு என்று ஆகிவிட்டது. குஞ்சு குளுவான்களைக் கூட்டிக்கொண்டு வழி தெரியாமல் மலையேற முடியுமா? யாராவது முதலில் போய், காலால் நடக்கிறவர்களுக்கு அங்கே பாதை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரவேண்டும். சித்திரை பிறப்பதற்குள் வரவேண்டும். இல்லாவிட்டால் குட்டைக்கரையில் ஒரு குட்டியும் பிழைக்காது.

நெடுங்காதி என்கிற முயல் முன்னால் வந்தது.

"நான் போறேன். எங்கே சருகு அசைஞ்சாலும் என் காதுக்குக் கேட்டுடும். ஆனா மேலே எல்லாம் வெறும் பாறை. நரி வந்தா ஓடி ஒளிய ஒரு புதர் கிடையாது. துணைக்கு ஒருத்தர் வந்தா தேவலை" என்றது.

குரங்கு மரத்தை அண்ணாந்து பார்த்தது. கீரி தன் காலைப் பார்த்தது. அணிலுக்கு அந்த நேரம் பார்த்து அவசர வேலை வந்துவிட்டது.

"நான் வர்றேன் தங்கச்சி!" என்றது சிலம்பன். "நீ காதைக் கொண்டு வா. நான் முள்ளைக் கொண்டு வர்றேன். வேற என்ன வேணும்?"

அந்தப் பேச்சோடு இரண்டும் கிளம்பியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

அந்தக் குட்டைக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் போகிறவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. வீட்டுக்கு ஒரு பொருள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. சொன்னால் கொடுக்க வந்தவர் முகம் சுண்டிப்போகும். கூட வர மனசில்லாதவர்கள்தான் கொடுப்பதில் முந்திக்கொண்டு நிற்பார்கள். அதுவும் வழக்கம்தான்.

முதலில் குரங்கு வந்தது. ஒரு சுரைக்குடுக்கை நிறையத் தண்ணீர் கொண்டுவந்தது.

"மலையில தாகம் எடுக்கும் சிலம்பா. இதை வெச்சுக்க."

அது நல்ல பொருள்தான். சிலம்பன் அதை முதுகு முள்ளில் மாட்டிக்கொண்டது. பிறகு அணில் புளியம்பழக் கொத்தைக் கொண்டுவந்தது. வேறு நான்கு முள்ளில் அது தொங்கியது. தூக்கணாங்குருவி தன் பழைய கூட்டைக் கொடுத்து, "தலைக்கு வெச்சுப் படுத்தா சுகமா இருக்கும்" என்றது. கீரி பாம்புக்கடிக்கு ஒரு கட்டு வேர் கொண்டுவந்தது.

ஆமை மெதுவாக வந்து, மூன்று தேக்கிலையைச் சேர்த்துத் தைத்த குடையை நீட்டியது.

"மழை வந்தா நனைஞ்சுடக்கூடாதுப்பா!"

மழை இல்லை என்றுதானே அவர்கள் போகிறார்கள்? அதை ஒருத்தரும் கேட்கவில்லை. சிலம்பன் குடையையும் வாங்கிக் குத்திக்கொண்டது.

முயலிடமும் எல்லாரும் வந்தார்கள். அது முன்னங்கால் இரண்டையும் விரித்துக் காட்டியது.

"வைக்க இடமில்லையே அத்தை! உங்க ஆசீர்வாதம் போதும்" என்று சிரித்துக்கொண்டே ஒவ்வொருவரையும் அனுப்பிவிட்டது.

"எனக்கு அந்தக் கவலையே இல்லை! முதுகு பூரா ஆணி அடிச்சு வெச்சிருக்கு!" என்று சிலம்பன் பெருமையாகச் சொன்னது.

கடைசியில் அண்டங்காக்கை வந்தது. அந்த மலையில் பாதி உயரம் வரை அது ஒருதரம் பறந்திருக்கிறது. அதனால் மலையைப் பற்றி அதற்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று எல்லாரும் நம்பினார்கள். அதுவும் நம்பியது. சிலம்பனைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது.

"ஏப்பா, இவ்வளவு தூரம் போறே, இவ்வளவுதானா? ராத்திரி குளிருமே, போர்த்திக்க என்ன இருக்கு? வழியில பசிச்சா? கால்ல கல்லு குத்தினா?" என்று அடுக்கிக்கொண்டே போனது.

எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா? சுமக்கப்போவது சிலம்பன்தானே! காக்கை கேட்கக் கேட்க சிலம்பனுக்குப் பயம் கூடியது. இன்னும் ஓலைப்பாய், கிழங்கு, மரப்பட்டை என்று வந்து சேர்ந்தன. காக்கை தன் பங்குக்கு ஒரு நீளக் கம்பியைக் கொடுத்தது.

"இது எதுக்கு?" என்று சிலம்பன் கேட்டது.

"எதுக்காவது ஆகும்!"

முதுகில் இடமில்லை. அதனால் காக்கையே அந்தக் கம்பியைச் சிலம்பனின் வாலில் இறுகச் சுற்றிவிட்டது.

சிலம்பனின் பெண்டாட்டி முள்ளி வளை வாசலில் நின்று பார்த்தது. "எதுக்குங்க இவ்வளவு? நடக்க வேண்டாமா?" என்று கேட்டது.

"நீ சும்மா இரு. ஊரே அன்பாக் கொடுக்குது. வேண்டாம்னா நல்லாவா இருக்கும்?" என்று சிலம்பன் வாயை அடைத்துவிட்டது.

வெயில் தாழ இரண்டும் புறப்பட்டன. முயல் நான்கு எட்டு வைத்து நிற்கும். பின்னால் சிலம்பன் மூசுமூசென்று வரும். குடுக்கை களக் களக்கென்று ஆடியது. குடையைக் காற்று பிடித்து இழுத்தது. கம்பி ஒவ்வொரு செடியிலும் மாட்டியது. மாட்டினால் முயல் திரும்பி வந்து எடுத்துவிட வேண்டும். இப்படியே போனால் சித்திரை என்ன, ஆடியே வந்துவிடும் போலிருந்தது.

பசித்தபோது சிலம்பன் புளியம்பழத்தைத் தின்றது. புளி தின்றால் சும்மா விடுமா? தாகம் எடுத்தது. பாதி மலை ஏறுவதற்குள் குடுக்கைத் தண்ணீர் காலி.

"அந்தக் காலிக் குடுக்கையை இங்கயே போட்டுடுங்க அண்ணே!" என்றது முயல்.

"ஐயோ! குரங்கு திரும்பக் கேட்டா என்ன சொல்வேன்?"

"சரி, குடையையாவது போடுங்க. மானத்தைப் பாருங்க, பொட்டு மேகம் இல்லை."

"வயசான ஆமை, கஷ்டப்பட்டுத் தைச்சது தங்கச்சி. கொடுத்த மனசு நோகாதா?"

முயல் கொஞ்ச தூரம் நடந்தது. பிறகு நின்று, "அண்ணே, ஒருதரம் முள்ளைச் சிலிர்த்துக் காட்டுங்களேன்" என்றது.

"எதுக்கு?"

"சும்மா, பார்க்கலாம்னுதான்."

"சும்மா சும்மா சிலிர்க்க அதென்ன விளையாட்டா? வேணுங்கிறப்ப தன்னால சிலிர்க்கும். நீ நட!" என்றது சிலம்பன். அதற்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மறுநாள் விடிகிற நேரத்தில் மலை உச்சிக்குக் கிட்டே வந்துவிட்டார்கள். இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து தெரிந்தது. அதற்குள் நுழைந்து போனால் அந்தப் பக்கம் இறக்கம். தண்ணீர் வாசனைகூட லேசாக வந்தது.

முயல் சட்டென்று நின்றது. காது இரண்டும் விறைத்தன.

"அண்ணே! நரி!" என்றது மெல்ல.

பாறைக்குப் பின்னாலிருந்து நரி வந்தது. முள்ளம்பன்றி என்று தெரிந்திருந்தால் அது அப்போதே திரும்பிப் போயிருக்கும். ஆனால் அது கண்டது முள்ளம்பன்றியை அல்ல. இலையும் கூடும் குடுக்கையும் ஓலைப்பாயுமாக ஒரு மூட்டை நகர்ந்து வந்தது. பக்கத்தில் கொழுத்த முயல் ஒன்று. நரிக்கு வாயெல்லாம் பல்.

"அடேயப்பா! யாருய்யா நீ, சந்தைக்குப் போறவனா?" என்று கேட்டுக்கொண்டே கிட்டே வந்தது.

முயல் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பேசி வைத்தபடி சிலம்பனுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது.

"சிலிர்த்துக்குங்க அண்ணே! சீக்கிரம்!"

சிலம்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலிர்த்தது. ஒரு முள்ளும் நிமிரவில்லை. தின்றது போக மிஞ்சிய புளியங்கொத்து நான்கு முள்ளை அமுக்கிக்கொண்டிருந்தது. ஓலைப்பாய் நாற்பது முள்ளைப் படுக்கவைத்திருந்தது. மிச்சத்தில் மரப்பட்டை குத்தி நின்றது. வாலை ஆட்டிப் பார்த்தது. கம்பி சுற்றிய வாலில் இருந்து சத்தமே வரவில்லை. குருவிக்கூடு மட்டும் முதுகில் லேசாக எழும்பி உட்கார்ந்தது.

நரி கடகடவென்று சிரித்தது. ஒரே தாவு. சிலம்பனைத் தாண்டிக் குதித்து முயலின் காதைக் கவ்விக்கொண்டது.

"அண்ணே! அண்ணே!" என்று அலறிக்கொண்டே முயல் நாலு காலையும் தரையில் ஊன்றி இழுத்துப் பிடித்தது.

சிலம்பனுக்கு ரத்தம் கொதித்தது. அழுகையும் வந்தது. அது பாறைச் சந்துக்குள் பாய்ந்து உடம்பைத் திணித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னும் பின்னும் உரசியது. குடுக்கை உடைந்தது. பாய் கிழிந்தது. குடை நார் நாராய்ப் போனது. பொருளோடு சேர்ந்து பத்திருபது முள்ளும் பிய்ந்து விழுந்தன. முதுகெல்லாம் ரத்தம். அது வலியைப் பார்க்கவில்லை. மிச்சமிருந்த முள் அத்தனையையும் விரித்துக்கொண்டு, பின்பக்கமாகவே வந்து நரியின் மூஞ்சியில் மோதியது.

நரி ஊளையிட்டது. மூக்கில் முள், கன்னத்தில் முள். விழுந்து புரண்டு எழுந்து ஓடிய நரி அந்த மலையில் அப்புறம் தென்படவே இல்லை.

முயல் பிழைத்துவிட்டது. ஆனால் இடது காது பாதிதான் மிஞ்சியிருந்தது. மீதி நரியோடு போய்விட்டது.

இரண்டும் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு இறக்கத்தில் இறங்கின. நாரை சொன்னது பொய்யில்லை. கீழே ஏரி தளும்பிக் கிடந்தது. வழியும் குட்டிகள் நடக்கக்கூடிய நல்ல வழிதான். முயல் கரையில் குனிந்து வயிறு முட்டக் குடித்தது. சிலம்பன் குடிக்கவில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஏன் அண்ணே குடிக்கலை?"

"எல்லாச் சாமானும் போச்சே தங்கச்சி! ஊருக்குத் திரும்பி அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?" என்றது சிலம்பன்.

அதுவரை ஒரு சுடுசொல் சொல்லாத முயலுக்கு அப்போதுதான் ஆத்திரம் வந்தது.

"தலைக்கு வந்தது காதோட போச்சேன்னு நான் உட்கார்ந்திருக்கேன். உங்களுக்குச் சாமான் கவலையா? அந்தக் குடுக்கையையும் குடையையும் நம்பியா நான் உங்ககூட மலையேறினேன்? உங்க முள்ளை நம்பி வந்தேன் அண்ணே! அதைத்தான் நீங்க கொண்டு வரலை!" என்றது.

சிலம்பன் தலையை நிமிர்த்தியது. முயலின் பாதிக் காதைப் பார்த்தது. அதிலிருந்து இன்னும் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. சிலம்பன் எழுந்து போய் ஈர மண்ணைக் குழைத்துக் கொண்டுவந்து அந்தக் காதில் மெதுவாக அப்பியது. "வலிக்குதா?" என்று கேட்டது. முயல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனால் காதை நகர்த்தவில்லை.

சித்திரை பிறக்கும் முன்னே குட்டைக்கரை முழுவதும் ஏரிக்கரைக்குக் குடிவந்துவிட்டது. முயலுக்கு இடது பக்கத்துச் சத்தம் மட்டும் கடைசிவரை சரியாகக் கேட்கவே இல்லை.

கூட வருகிறவர் நம்பி நிற்கும் பலத்தை மூடி மறைக்கிற பொருள் எதுவாக இருந்தாலும், அது அன்பாகக் கொடுத்ததே ஆனாலும், பயணத்தில் அது வீண் சுமைதான்.