அக்கரையில் உட்கார்ந்த டவாலி

எங்கள் ஊர்க் கோர்ட்டில் மாசிலாமணி என்றொரு டவாலிச் சேவகர் இருந்தார். நீதிபதியான முன்சீப் எதிரே டவாலி உட்காரக் கூடாது. இருபத்தெட்டு வருஷம் நின்று நின்றே அவருக்குக் கால் வீங்கிப் போயிருந்தது.

ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் பயந்த பொன்னுரங்கம் என்பவன், ஆற்றைக் கடந்து அக்கரையில் குடியேறிவிட்டான். அது வேறு சமஸ்தானம்.

"வாரண்டோட போய் இழுத்துட்டு வா. இல்லேன்னா உன் வேலை போச்சு" என்றார் புது முன்சீப்.

"அங்கே நம்ம வாரண்டு செல்லாதுங்க, எசமான்."

"என் அதிகாரம் எங்கேயும் செல்லும்!"

மூன்று முறை வெறுங்கையோடு திரும்பிய மாசிலாமணி, "எசமானே ஒருதரம் வந்து சொல்லிப் பாருங்க" என்றார்.

இருவரும் முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடந்தார்கள். கரையேறியதும் மாசிலாமணி ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"என் முன்னாலேயே உட்கார்றியா? எழுந்திருடா!"

"இங்கே உங்களுக்குக் கோர்ட்டு இல்லீங்க. எனக்கும் டவாலி வேலை இல்லீங்க. கால்வலி மட்டும்தான் ரெண்டு கரையிலயும் இருக்கு."

முன்சீப் சுற்றிலும் பார்த்தார். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் அவருக்காக நிமிரவில்லை. சற்று நேரம் கழித்து அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப என்னய்யா செய்யறது?"

"இந்தச் சமஸ்தானத்துக் கோர்ட்டுக்கு எழுதுங்க. அவங்க பிடிச்சு அனுப்புவாங்க."

"சரி, எழுதறேன். கிளம்பு, போகலாம்."

"இன்னும் கொஞ்சம் உட்காருங்க எசமான். ஆத்தைத் தாண்டினா நான் நிக்கணும்."